சுசுகி வானில் பூட்டிய கென்வூட் ரி.எம்-வி71ஏ: திருகோணமலையிலிருந்து செய்மதி வழியே

இந்த ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) செற்றை வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான்: கதைக்கும்போதே கேட்கலாம். ஒரு பக்கம் இரண்டு மீற்றர் அலையில் (145 மெகாஹேட்ஸ் அளவு) நான் கதைக்க, மறுபக்கம் எழுபது சென்ரிமீற்றர் அலையில் (435 மெகாஹேட்ஸ் அளவு) என் குரல் செய்மதியில் ஏறித் திரும்பி வருகிறதா என்று அதே நொடியில் காதில் விழும். ஒன்பது மாதம் பாவித்துவிட்டேன். செய்மதி பிடிக்க விரும்புகிறவருக்கு வேறு எந்த வசதியும் இதற்கு ஈடில்லை என்பதுதான் என் முடிவு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நான் உப்புவெளியில் மீன்பிடிப் படகுகளின் றேடியோ, ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் திருத்துகிறவன். ஹாம் றேடியோவுக்கு வந்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மூதூரில் இருந்த என் சின்னம்மா உயிரோடு இருக்கிறா என்று தெரிய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அந்த நாட்களில் வங்கக் கடலுக்கு அப்பால் போர்ட் பிளேயரில், ஹாம் தொடர்புகளுக்கென்று இந்தியப் பெருநிலத்திலிருந்து போய்த் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவும் அந்தமானின் செய்திகளைத் தங்கள் றேடியோ வழியே வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். அம்பாந்தோட்டையில் எங்கள் நாட்டு ஹாம்களும் இதைத்தான் செய்தார்கள். வாசித்த அன்றே படிக்கத் தொடங்கினேன். இன்று இலங்கைக்குரிய 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி என்னிடமும் இருக்கிறது.

செற்றைப் பற்றிச் சொல்கிறேன். 2007இல் வந்த மொடல். இரண்டு அலையிலும் 50 வாற் தரும். குறைத்தால் 10, அதற்குக் கீழே 5. ஆயிரம் நினைவுத் தடங்கள். கொழும்பில் ஒரு மூத்த ஹாம் தன் சாமான்களைக் கொடுத்தபோது 85,000 ரூபாவுக்கு எடுத்தேன். பெட்டியில் கீறல்கூட இல்லை. மைக்கின் வயர் மட்டும் செருகியடியில் பிய்ந்திருந்தது, அதை அவரே சொல்லித்தான் தந்தார். புது மைக் எடுக்கலாம் என்று ஒரு கடைக்குக் காசு அனுப்பினேன். வந்தது வேறு செற்றின் மைக். திருப்பி எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்று கிழமை போன் எடுத்து அலுத்துப் பிறகு செருகியை உற்றுப் பார்த்தேன்: கணினி வலைப்பின்னலுக்குப் போடுகிற அதே எட்டுக் கால் செருகி. பக்கத்துக் கணினிக் கடைத் தம்பியிடம் கிரிம்பிங் கருவி வாங்கி, பழைய வயரை ஒரு அங்குலம் வெட்டி, நிற வரிசை பிசகாமல் புதுச் செருகி போட்டேன். அரை மணித்தியாலமும் ஐம்பது ரூபாவுக்குள் ஒரு செருகியும்தான் செலவு. பழைய செற் வாங்குகிறவர்கள் இந்த இடத்தை முதலில் பாருங்கள். மைக் வயரை மெல்ல ஆட்டி, பி.ரி.ரி.யை (கதைக்கும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தி, குரல் விட்டுவிட்டு வருகிறதா என்று கேளுங்கள்.

பூட்டியது என் சுசுகி எவ்ரி வானில். முகப்பைக் கழற்றித் தனியே வைக்கலாம். அதற்கான வயரை வேறாக வாங்கவேண்டும். உடல் பின் சீற்றுக்குக் கீழே, முகப்பு டாஷ்போர்டில். முழு வலுவில் 13 அம்பியர் வரை இழுக்கும் சாமான் இது. சிகரெற் லைற்றர் துளையில் செருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். நேரே பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, சிவப்பு, கறுப்பு இரண்டிலும் பற்றரியடியில் பியூஸ் போட்டிருக்கிறேன். செய்மதி வரும் நேரம் இஞ்சினை நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் ஒல்ரனேற்றரின் கீச்சு சத்தம் மெல்லிய சிக்னலைத் தின்றுவிடும்.

அன்ரெனா, வானின் கூரை நடுவில் 49 சென்ரிமீற்றர் நீள உருக்குக் கம்பி. இரண்டு மீற்றருக்கு அது கால் அலை. எழுபது சென்ரிமீற்றருக்கு அதே கம்பி முக்கால் அலையாகிவிடும். அதன் வீச்சு கொஞ்சம் மேல்நோக்கி எழும். தரையோடு கதைக்க அது குறை, செய்மதிக்கு அது வரம். விலை உயர்ந்த நீண்ட அன்ரெனாக்களின் வீச்சு அடிவானத்தை நோக்கிப் படுத்துக் கிடக்கும். தலைக்கு மேலே வரும் செய்மதி அவற்றுக்குத் தெரியாது. இந்தச் சிறு கம்பியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நினைவுத் தடங்களைப் போட்டு வைப்பதில்தான் இந்த செற்றின் அருமை விளங்கும். எஸ்.ஓ-50, ஹாம்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் சவூதி அரேபியாவின் செய்மதி. 2002 டிசம்பர் 20 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஒலிபரப்பு வலு கால் வாற் மாத்திரம். நாங்கள் அனுப்ப ஏறும் மீடிறன் 145.850 மெகாஹேட்ஸ், செய்மதியிலிருந்து இறங்குவது 436.795. செய்மதி எங்களை நோக்கி ஓடி வரும்போது இறங்கும் மீடிறன் கூடும், தாண்டிப் போகையில் குறையும். ரயில் கூவிக்கொண்டு கடவையைத் தாண்டும்போது கேட்பதுதான். எழுபது சென்ரிமீற்றரில் இந்த மாற்றம் இரு பக்கமும் பத்து கிலோஹேட்ஸ் அளவு. ஆகவே ஐந்து தடங்கள் போட்டேன்: 436.805, 800, 795, 790, 785. செற்றின் மிகச் சிறிய படி 5 கிலோஹேட்ஸ், எப்.எம். செய்மதிக்கு அது தாராளம். குமிழை ஒரு சொடுக்கு சொடுக்கினால் அடுத்த தடம். பி.ரி.ரி.யை ஒரு பக்கத்துக்கும் குமிழை மறுபக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்பதால் கதைக்கும் மீடிறனைத் தவறிக்கூடத் தொடமாட்டீர்கள்.

ஏறும் பக்கத்துக்கு இரண்டு தடம். எஸ்.ஓ-50இல் ஒரு கடிகாரம் உண்டு. 74.4 ஹேட்ஸ் ரோனோடு (குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த தொனி) இரண்டு நொடி அழுத்தினால் பத்து நிமிடத்துக்கு அது விழிக்கும். பிறகு கதைப்பது 67.0 ரோனில். முதல் தடத்துக்கு ‘எழுப்பு’, அடுத்ததுக்கு ‘கதை’ என்று நானும் மருமகளும் பெயர் வைத்திருக்கிறோம்.

அக்காவின் மகள்தான் என் துணை ஒலிபரப்பாளர். சாதாரண தரம் படிக்கிறாள், தொலைபேசியில் ஹெவன்ஸ்-அபவ் செயலியைத் திறந்து எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழும், எந்தத் திசையில் விழும் என்று எனக்கு முதல் நாளே சொல்லிவிடுவாள். முதல் முறை சரிவந்தது ஒரு பின்னேரம், உப்புவெளிக் கரையில். வலைகளை இழுத்துக் காயப்போட்டிருந்த நேரம். தென்கிழக்கே கோணேசர் மலையில் வெளிச்சம் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டினேன். சத்தத்தைத் திறந்தபடி விட்டுக் கதைத்தால் செய்மதியிலிருந்து வரும் என் குரலே மைக்கில் திரும்ப ஏறி ஊளையிடும். முதல் கிழமையே பட்டு அறிந்தது. செற்றின் பின்னால் ஸ்பீக்கர் துளை இருக்கிறது, மறக்காமல் பாவியுங்கள்.

இரைச்சல் மெல்ல மெல்ல அமுங்கியது. மணல் கொட்டுவது நின்றதுபோல ஓர் அமைதி, அதற்குள் யாரோ ஒருவரின் அழைப்புக்குறி. மருமகள் விரலால் ‘இப்ப’ என்றாள். எழுப்பினேன், தடம் மாற்றினேன், என் அழைப்புக்குறியைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல என் குரல் கொஞ்சம் கரகரத்து, பழைய ரேப்பில் பதிந்ததுபோல, வலக் காதில் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. மருமகள்தான் தோளில் தட்டி, “மாமா, கட்டம், கட்டத்தைச் சொல்லுங்கோ” என்றாள்.

கரையில் நின்ற சம்மாட்டி கிட்ட வந்தார்.

“ஆரோடை தம்பி கதைக்கிறாய்?”

“இந்தியாவிலை ஒருத்தரோடை, அண்ணை. செய்மதி வழியா.”

அவர் கூரைக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். “இந்த ஊசியாலையோ?”

“ஓம்.”

“மாசம் எவ்வளவு கட்டவேணும்?”

“ஒண்டும் இல்லை அண்ணை. அனுமதிப்பத்திரம் இருந்தால் காணும்.”

அவர் செய்மதி மறையும்வரை போகவில்லை.

கட்டம் என்று மருமகள் சொன்னது உலக வரைபடத்தை ஹாம்கள் பிரித்து வைத்திருக்கும் சதுரங்களை. திருகோணமலை என்.ஜே.08. கொழும்பு எம்.ஜே.96. கிழக்கு நெட்டாங்கு 80 பாகைக் கோட்டில் எம் முடிந்து என் தொடங்குகிறது. யாழ்ப்பாணம் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கிழக்கே, என்.ஜே.09. மட்டக்களப்பு என்.ஜே.07. புதிய கட்டங்களைச் சேர்ப்பது உலகெங்கும் ஹாம்களுக்கு ஒரு பெரிய விருப்பம். கிழக்குக் கரையில் செய்மதி வழியே கதைக்க ஆள் குறைவு. நான் என்.ஜே.08 என்றதும் மறுபக்கம் இருந்தவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டு உறுதி செய்தார். என் ஊரின் பெயரை ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்டு எழுதுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இனிக் குறை. செற்றுக்குத் தனியானது என்று இதைச் சொல்லமுடியாது, கணக்கு அப்படி. 145.850ஐ மூன்றால் பெருக்குங்கள்: 437.550. நாம் இரண்டு மீற்றரில் கதைக்கும்போது அதன் மூன்றாவது மடங்கு மெல்லியதாக எழுபது சென்ரிமீற்றருக்குள் விழுகிறது. எஸ்.ஓ-50 இறங்குவது அதற்கு 755 கிலோஹேட்ஸ் தள்ளி, ஆகவே கொஞ்சம் இரைச்சல் கூடும், ஆனால் கேட்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏறுவது 145.990, மூன்று மடங்கு 437.970, இறங்குவது 437.800. இடைவெளி 170 கிலோஹேட்ஸ்தான். 50 வாற்றில் அழுத்தினால் என் காது முழுவதும் அடைத்துவிடுகிறது. 5 வாற்றுக்கு இறக்கினால் பாதி திறக்கிறது. விண்வெளி நிலையத்தில் கொலம்பஸ் பகுதியில் 2020 செப்ரெம்பரிலிருந்து வேலை செய்கிற செற்றும் இதே கென்வூட்டின் ரி.எம்-டி710ஜி.ஏ. ஒரே குடும்பத்துச் சாமான் இரண்டு முனையிலும் இருக்கிறது என்பது எனக்கு நல்ல சந்தோசம்.

இதற்கு மருந்தாக நான் செய்தது, மரச்சட்டத்தில் அளவுநாடாத் துண்டுகளால் இரண்டு அலைக்கும் தனித்தனியாக ஒரு யாகி, அதாவது ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் அன்ரெனா. செற்றில் அன்ரெனாத் துளை ஒன்றுதான். ஆகவே நடுவில் இரண்டு அலையையும் பிரிக்கும் ஒரு டிப்ளெக்சர் தேவை. மருமகள் வானுக்கு வெளியே நின்று அதைக் கையில் பிடிப்பாள். குறுக்கே பிடித்தபோது குரல் அமுங்கி, மணிக்கட்டை முறுக்க எழும்பி வரும். செய்மதி சுழன்றுகொண்டே போவதால் இப்படி. கூரைக் கம்பிக்கு இந்த முறுக்கல் தெரியாது. அங்கே குரல் போய்ப்போய் வருவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

வலுவைப் பற்றி ஒரு சொல், இதில் எனக்குக் கோபமும் உண்டு. 50 வாற் இருக்கிறதென்று 50 வாற்றில் அழுத்துகிறவர்கள் உண்டு. எப்.எம். செய்மதியில் பலத்த குரல் ஒன்றுதான் ஏறும், மற்றதெல்லாம் அதன் காலடியில் நசுங்கும். கையடக்க செற்றோடு மொட்டைமாடியில் நிற்கும் ஒரு மாணவன் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்கூட வாய் திறக்க முடியாமல் போவான். தன் குரல் திரும்பி வருகிறதா என்று கேட்க முடியாதவர்தான் மேலும் மேலும் வலுவைக் கூட்டுவார். இந்த செற்றில் அது கேட்கிறது, ஆகவே கூட்டத் தேவையில்லை. நான் எஸ்.ஓ-50க்கு 5 வாற்றைத் தாண்டுவது அடிவானத்தில் கடைசி நிமிடத்தில் மட்டும்.

திருகோணமலைக்காரருக்கு எஸ்.ஓ-50ஐவிட அருமையான ஒன்று இந்தோனேசியாவின் ஐ.ஓ-86. 2015 செப்ரெம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ரொக்கெற் இந்தியாவின் அஸ்ட்ரோசற் செய்மதியை ஏற்றிச் சென்றபோது இதுவும் கூடப் போனது. மற்றச் செய்மதிகள் வடக்கும் தெற்குமாக வெகுதூரம் ஏறி இறங்க, இது பூமியின் இடுப்பைச் சுற்றுகிறது: சாய்வு 6 பாகை, உயரம் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். வடக்கே எவ்வளவு ஏறினாலும் தேவேந்திரமுனைக்கு மேலே வந்ததும் திரும்பிவிடும். எங்கள் அகலாங்கு எட்டரைப் பாகை. ஆகவே இங்கிருந்து பார்க்க அது எப்போதும் தெற்கு வானில்தான் போகும், 64 பாகைக்கு மேல் ஏறாது, ஆனால் ஒரு சுற்றுக்கூடத் தவறாமல் அடிவானத்துக்கு மேலே வரும். ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம், மேற்கிலிருந்து கிழக்கே. ஐரோப்பாக்காரருக்கு இந்தச் செய்மதி தெரியவே தெரியாது. 145.880இல் 88.5 ரோனோடு ஏறி, 435.880இல் இறங்குகிறது. மூன்று மடங்கு 437.640, இடைவெளி நிறைய, ஆகவே காது சுத்தம். ஒலிபரப்பி எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை, திறந்திருக்கும் நாளில் இந்தோனேசியக் குரல்கள் சந்தைபோல இரையும். கேரளமும் மலேசியாவும் ஒரே ஓட்டத்தில் பிடித்திருக்கிறேன்.

இந்த ஊரில் நின்று செய்மதி பிடிக்கும்போது எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை நினைக்காமல் இருக்கமாட்டேன். செய்மதிகளால் உலகம் முழுவதும் தொடர்பு கொள்ளலாம் என்று 1945 ஒக்ரோபரில் ஒரு பிரித்தானிய சஞ்சிகையில் எழுதியவர். 1956இல் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் சுழியோடி இடிந்த கோயிலின் தூண்களைக் கடலுக்குள் கண்டவரும் அவர்தான். அவர் சொன்னதுபோலவே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் அசையாமல் நிற்கும் ஹாம் செய்மதி இப்போது ஒன்று உண்டு, கியூ.ஓ-100. எங்கள் மேற்கு வானில் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு 2.4 கிகாஹேட்ஸில் ஏறவேண்டும். இந்த செற்றால் முடியாது. எஸ்.எஸ்.பி. என்ற வேறு ஒலிபரப்பு முறை தேவைப்படும் ஆர்.எஸ்-44 போன்ற செய்மதிகளும் இதற்கு எட்டாது. எப்.எம். மட்டும்தான் என்று தெரிந்து வாங்குங்கள்.

கடற்கரைக்காரருக்கு இன்னொன்று. ஐந்தாவது மாதம் சிக்னல் கிழமைக்குக் கிழமை தேய்ந்தது. செற்றைத்தான் சந்தேகித்தேன், திறந்துகூடப் பார்த்தேன்; உள்ளே தூசு தவிர ஒன்றுமில்லை. கடைசியில் கூரையடி இணைப்பியைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கேபிளின் மேல்தோலைக் கத்தியால் சீவிக்கொண்டு போனேன்: ஒரு சாண் தூரத்துக்கு வலைச் செப்பு கறுத்து, விரலில் தேய்க்க மாவாய்க் கொட்டியது. உப்புக் காற்று மழையோடு உள்ளே ஊறியிருக்கிறது. இரண்டு மீற்றரில் இது அவ்வளவு தெரியாது; எழுபது சென்ரிமீற்றரில் கால் வாற் செய்மதியைக் கேட்க நிற்கும்போது உயிர் போகும். புதுக் கேபிள் போட்டு, இணைப்பியின் மேல் தானே ஒட்டும் இறப்பர் நாடா சுற்றி, அதன் மேல் சாதாரண நாடா சுற்றினேன். படகுகளுக்குச் செய்து கொடுப்பதை என் வானுக்குச் செய்யாமல் விட்டிருந்தேன்.

நிற்கும் இடமும் முக்கியம். கோட்டைக்குள்ளும் துறைமுகத்தடியிலும் நான் அன்ரெனா தூக்குவதில்லை. படையினர் இருக்கும் இடம், அவர்களுக்கும் சிரமம். ஒருமுறை நிலாவெளிப் பாதையோரம் யாகியோடு நின்றபோது ரோந்து வந்தவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் காட்டி, மருமகள் சிங்களத்தில் விளங்கப்படுத்தி முடிய செய்மதி வங்கக் கடலுக்கு மேலே போய்விட்டது. அதன் பிறகு பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு முன் கண்ணாடியடியில் வைத்திருக்கிறேன்.

சித்திரை வெயிலில் வானைப் பூட்டிவிட்டுப் போனால் சீற்றுக்கடியில் செற் தொடமுடியாமல் சுடும். கதவைத் திறந்து காற்றாட விட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் போடுவேன். 5 வாற்றில் காற்றாடிகூட அதிகம் சுழல்வதில்லை.

போன கிழமை மருமகள் தானே குமிழைப் பிடித்தாள். நான் வெளியே யாகியோடு. 805, 800 என்று அவள் சொடுக்கும் சத்தம் திறந்த கதவால் கேட்டது. கதைத்தவர் தமிழ்நாட்டுக்காரர், அவள் பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறி, “எந்த ஊரும்மா?” என்றார். அவள் கட்டத்தைச் சொல்லவில்லை. “திருகோணமலை” என்றாள். 790இல் குரல் தேயத் தொடங்கியது. 785க்கு மாற்றி, அவர் சொன்ன சிக்னல் அறிக்கையைக் கொப்பியில் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் எழுதினாள்.